சாரலுக்கு முன் பழைய மஸ்டாங்

செங்கோட்டையில் சாரல் தொடங்குமுன் என் 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே காரில் நான் முதலில் பார்ப்பது முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளை. உள்ளே சருகு சேர்ந்தால் ஈரம் தங்கித் தகடு துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கால்மிதி விரிப்பைத் தூக்கிவிட்டு, துளைகளில் இரண்டு சொம்பு தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சொட்டினால் சிலிகான் பூசி விட்டுவிடாதீர்கள். தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டுகளைத் (புள்ளிப் பற்றவைப்புகளை) துளையிட்டுப் பிரித்து, அழுகிய தகட்டை வெட்டிப் புதுசு வைக்க வேண்டும். நான் ஒரு வருடம் பூசியே ஓட்டினேன். மறு சாரலில் தரைத் தகடே ஓட்டையாகிவிட்டது.

அப்புறம் பிரேக். மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மஸ்டாங்கில் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாகத் தள்ளும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது 1967 மாடலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஒரே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது அதை நினைத்தாலே வயிறு கலங்கும். இரட்டைக்கு மாற்றிவிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

பெட்ரோல் குழாய்கள், இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். நட்டெல்லாம் அங்குல அளவு. 13 எம்எம் ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஆடி முனையை மழுக்கிவிடும். அங்குல செட் தனியாக வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.