வாடகைத் தாய் பற்றி எழுதும்போது யாருடைய கண்ணீரை எழுதுவது?

கருத்துப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. நாடு கடந்த வாடகைத் தாய்முறை பற்றி எழுதுகிறவர்களில் பலர் முதல் பத்தியிலேயே வாசகரை அழவைத்துவிடப் பார்க்கிறார்கள். உணர்ச்சியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண் சுமந்து பெற்ற குழந்தை வேறு நாட்டுக்குப் போவதை மரத்துப்போன நடையில் எழுதினால் அதுவும் ஒருவகைப் பொய்தான். ஆனால் அந்த உணர்ச்சி யாருக்காக என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள்: குழந்தைக்காக ஏங்கும் தம்பதி, சுமக்கும் பெண், கருமுட்டை கொடுத்தவர், மருத்துவமனை, இடைத்தரகர், குழந்தை. உங்கள் வரைவில் யாருக்கு எத்தனை வாக்கியம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். சுமக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் 'ஏழை' என்ற அடைமொழி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை அடித்துவிட்டு, ஒப்பந்தம் அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இருந்ததா, சிசேரியன் செய்வதை யார் முடிவுசெய்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். இந்தியாவின் 2021 சட்டம் சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடு கேட்கிறது. பிரசவம் முடிந்து, குழந்தை கைமாறி, எல்லோரும் கலைந்துபோன பிறகும் அந்த உடம்பு அவருடையதுதான் என்பதை அந்த எண் சொல்லிவிடும். பத்து உருக்கமான வாக்கியங்களால் அது முடியாது.

படத்தை நம்பி வாதத்தை விட்டுவிடாதீர்கள். 2020 மே மாதம் உக்ரைன் தலைநகர் கீவில் ஒரு ஹோட்டலில் எடுத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. வரிசை வரிசையாகத் தொட்டில்கள், 40-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள், வீறிட்ட அழுகை. கொரோனாவால் எல்லை மூடப்பட்டதில் பெற்றோர் வந்துசேர முடியவில்லை. காணொளியை வெளியிட்டது, வாடகைத் தாய்மார் மூலம் அந்தக் குழந்தைகள் பிறக்க ஏற்பாடு செய்த மருத்துவமனையேதான். பெற்றோரை உள்ளே விடுங்கள் என்பது அதன் கோரிக்கை. எதிர்ப்பாளர்களோ அதே காணொளியைக் காட்டி, குழந்தைகளைச் சரக்காக்கிவிட்டார்கள் என்றார்கள். ஒரே அழுகை இரண்டு தரப்புக்கும் சாட்சி சொன்னது. ஆகவே படத்தை விவரித்த கையோடு, அதிலிருந்து உங்கள் முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கும் கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கோபத்தில் எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். தாய்லாந்தில் ஒரு பெண் ஆஸ்திரேலியத் தம்பதிக்காக இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். பெண் குழந்தை ஆஸ்திரேலியா போனது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண் குழந்தை தாய்லாந்திலேயே இருந்தது. 'கைவிட்டுப் போனார்கள்' என்று 2014-இல் உலகமே கொதித்தது. 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம், அவர்கள் கைவிடவில்லை, சுமந்த பெண்ணே அவனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினார் என்று கண்டது. முன்பு எழுதியவர்களின் கோபம் அந்தரத்தில் நின்றது. கோபப்பட வேண்டிய செய்தி அதே வழக்கில் இருந்தது: அந்தத் தந்தை சிறார் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் என்பது குழந்தைகள் பிறந்த பிறகே வெளியே வந்தது. இந்தக் கோபத்தை எந்தத் தீர்ப்பும் அசைக்காது. கேள்விப்பட்டதும் பொங்குவதை ஒரு நாள் தள்ளிவைத்து, கேட்டது உண்மைதானா என்று பாருங்கள்.

'புனிதத் தியாகம்', 'கருவறை வியாபாரம்' போன்ற தயார்ச் சொற்களை இரு தரப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

பிறகு உங்களுக்குப் பிடிக்காத உண்மை ஒன்றைக் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள். தடை கேட்பவரானால் கம்போடியாவைப் பாருங்கள். அங்கே 2018-இல் கர்ப்பிணிகளான வாடகைத் தாய்மார்களையே ஆள்கடத்தல் வழக்கில் கைதுசெய்து, பிறக்கும் குழந்தைகளைத் தாங்களே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். யாரைக் காப்பாற்றப் புறப்பட்டார்களோ அவர்கள் தலையிலேயே விடிந்தது. அனுமதி கேட்பவரானால், பணம் கொடுப்பவரும் சுமப்பவரும் பெரும்பாலும் ஒரே வசதியில் வாழ்வதில்லை என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். பிள்ளையில்லாத தம்பதியின் வேதனையும் நிஜம். அதைக் கேலி செய்து எந்தப் பக்கமும் வெல்லத் தேவையில்லை.

கடைசிப் பத்தியில் யார் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுக்குப் போய் வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெறும் தன் குடிமக்களையும் தண்டிக்கும் சட்டத்தை இத்தாலி 2024-இல் நிறைவேற்றியது. அப்படியொரு சட்டம்தான் உங்கள் கோரிக்கை என்றால், ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் குடியுரிமையும் யார் தருவது என்பதற்கும் அதே பத்தியில் பதில் எழுதுங்கள்.