ஓபன் கோல்ஃப் போட்டிக்கு டிப்ஸ் படிப்பதும் பந்தயம் வைப்பதும் எப்படி?

ஜூலை மாதம் பிறந்ததும் பிரிட்டன் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் டிப்ஸ்காரர்கள் என்ற ஒருவகை ஜோசியர்கள் தோன்றுவார்கள்; யார் வெல்வார் என்று அவர்கள் சொல்லும் கணிப்புதான் ‘டிப்ஸ்’. கிளிக்கும் சீட்டுக்கும் பதிலாக இவர்கள் கையில் புள்ளிவிவர அட்டவணை இருக்கும்; மற்றபடி தொழில் ஒன்றுதான். ஓபன் சாம்பியன்ஷிப்பில் 156 பேர் ஆடுகிறார்கள், வெல்பவர் ஒருவர் மட்டுமே என்பதால், சொன்ன ஆள் தோற்றுப்போவதுதான் இவர்களுடைய அன்றாடம். அதற்காக அவர்கள் எழுதுவதைப் படிக்கவே கூடாது என்பதில்லை. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்து படிக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023-இலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்கிறது. ஆகவே அங்குள்ளவர்கள் இந்தக் கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, நண்பரிடம் சரியாகச் சொன்ன பெருமையை மட்டும் வசூலித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற கடைகளில் பந்தயம் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இனி எழுதுவது அவர்களுக்காக.

ஆட்டக்காரரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய விலையை, அதாவது அவர் வென்றால் எவ்வளவு தருவதாகப் புக்கி (பந்தயக் கடைக்காரர்) சொல்கிறார் என்பதைப் பாருங்கள். 5/1 என்றால் ஒரு பவுண்டு வைத்து வென்றால் ஐந்து பவுண்டு லாபம். அதாவது ஆறு முறை ஆடினால் ஒரு முறை வெல்வார் என்று புக்கி கருதுகிறார். 20/1 என்றால் இருபத்தொரு முறைக்கு ஒரு முறை. இப்படி 156 பேருடைய வாய்ப்புகளையும் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் விடை நூறில் நிற்காது, அதைத் தாண்டும். அந்த உபரிதான் புக்கியின் கூலி. சம பலமுள்ள இருவர் மோதும்போதுகூட அவர் ஆளுக்கு 10/11 விலை வைத்து, கூட்டுத்தொகையை ஏறத்தாழ 105 சதவீதமாக்கிக்கொள்கிறார். ஆகவே “இவர் வெல்வாரா?” என்ற கேள்விக்குப் பயனில்லை, “புக்கி நினைப்பதைவிட அடிக்கடி வெல்லக்கூடியவரா?” என்று கேட்க வேண்டும். ஸ்காட்டி ஷெஃப்லர் நன்றாக ஆடுகிறார் என்று ஒரு டிப்ஸ்காரர் மூன்று பத்தி எழுதினால், அந்தச் செய்தி புக்கிக்கும் எட்டியிருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது ‘ஈச் வே’. புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். பத்து பவுண்டு ஈச் வே என்று சொன்னால் உங்கள் கையிலிருந்து இருபது பவுண்டு போகும்: பத்து அவர் வெல்வதற்கு, பத்து அவர் முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. விலை 50/1, எட்டு இடங்கள் வரை ஐந்தில் ஒரு பங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆள் தனியாக எட்டாவதாக வந்தால் இடத்துக்கான பத்து பவுண்டுக்கு 10/1 கிடைக்கும். முதலோடு சேர்த்து 110 பவுண்டு கைக்கு வரும். ஆனால் கோல்ஃபில் பெரும்பாலும் யாரும் தனியாக எட்டாவதாக வருவதில்லை, கூட்டமாகத்தான் வருவார்கள். ஐந்து பேர் சமமாக எட்டாம் இடத்தில் நின்றால், மிச்சமிருக்கும் ஒரே இடத்தை ஐவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ‘டெட் ஹீட்’ விதி. இடத்துக்கு வைத்த உங்கள் பத்து பவுண்டு இரண்டு பவுண்டாகச் சுருங்கும். இருபது லாபமும் அந்த இரண்டு பவுண்டும் சேர்ந்து 22 பவுண்டு வரும். இருபது போட்டு இருபத்திரண்டு எடுத்தால், நான்கு நாள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததற்கான சம்பளம் இரண்டு பவுண்டு. மறுநாள் பத்தியில் டிப்ஸ்காரர் “என்னுடைய 50/1 ஆள் இடம் பிடித்தார்” என்று மார்தட்டுவார். அதில் பொய் எதுவும் இல்லைதான்.

மற்றப் போட்டிகளைக் காட்டிலும் ஓபனில் காற்றுக்கு அதிகாரம் அதிகம். கடலோர மணல்மேட்டுத் திடல்களில் மரங்கள் மறைப்பதில்லை. முதல் இரண்டு நாளும் எல்லோரும் முதல் குழியிலிருந்தே தொடங்குவதால், காலை ஆறரை மணி வாக்கில் அடித்தவருக்கும் மாலை நான்கு மணி வாக்கில் அடித்தவருக்கும் இடையே வானிலை முழுவதுமாக மாறிவிடக்கூடும். வியாழன் காலையில் ஆடுபவர் வெள்ளி பிற்பகலில் ஆடுவார். மற்றவருக்கு அது தலைகீழ். எனவே தொடங்கும் நேரப் பட்டியல் வெளிவரும்வரை பணத்தைப் பையிலேயே வைத்திருந்து, பட்டியலையும் காற்று முன்னறிவிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். விலை சற்றுக் குறைந்துபோனாலும் பாதகமில்லை. 2002-இல் மியூர்ஃபீல்டில், அந்த ஆண்டு மாஸ்டர்ஸையும் யுஎஸ் ஓபனையும் வென்றுவிட்டு வந்த டைகர் உட்ஸ், சனிக்கிழமை புயலில் சிக்கி 81 அடித்தார் (கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் நல்லது). மறுநாள் அதே மனிதர் 65 அடித்தார்.

புள்ளிவிவரங்களில் ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ என்று ஒன்று வரும். மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் ஒருவர் எத்தனை அடி மிச்சம் பிடித்தார் என்பதன் கணக்கு அது. அதைக் கூறுகூறாகப் பிரித்துப் பாருங்கள். கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை) நோக்கி அடிக்கும் இரும்பு மட்டை அடிகளில் ஒருவர் வாரம் தவறாமல் முன்னே நிற்கிறார் என்றால் அது திறமை. போன வாரம் பட்டிங்கில், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதில், கலக்கினார் என்றால், அது பெரும்பாலும் குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டு அடித் தூரத்திலிருந்து இரண்டுக்கு ஒன்றைத்தான் குழியில் போடுகிறார்கள். “பட்டர் (பட்டிங் மட்டை) சூடாக இருக்கிறது” என்ற வாக்கியத்தைக் கண்டால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவது நல்லது.

உணர்ச்சிக் கதைகளையும் அப்படியே தாண்டிச் செல்லுங்கள். 2019-இல் ஓபன் வடக்கு அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷுக்குத் திரும்பியபோது, பதினாறு வயதில் அதே திடலில் 61 அடித்த, அந்த மண்ணின் மைந்தரான ரோரி மெக்கில்ராய்தான் எல்லோருடைய தேர்வும். முதல் நாள், முதல் குழி, முதல் அடி: பந்து இடப்பக்கம் எல்லைக்கு வெளியே பறந்தது. அந்தக் குழியில் எட்டு, அந்த நாளில் 79. வெள்ளியன்று 65 அடித்தும் ஒரே ஓர் அடியில், இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் ‘கட்’டுக்கு வெளியே நின்றார். சொந்த ஊர், பழைய நினைவு, பாட்டியின் ஆசி ஆகிய எதற்கும் விலைப்பட்டியலில் கழிவு கிடையாது. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: 2003-இல் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் வென்ற பென் கர்ட்டிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 396-ஆம் இடத்தில் இருந்தார், அவர் ஆடிய முதல் மேஜர் போட்டியே (கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்று) அதுதான். இதைப் படித்துவிட்டு ஆண்டுதோறும் 396-ஆம் ஆளைத் தேடிக் கிளம்பாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, போட்டி முழுவதற்கும் போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தொகை ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, அதை நான்கைந்து பேருக்குப் பிரித்துப் போடுங்கள். வெள்ளி மாலையில் இருவர் ‘கட்’டில் விழுந்தால் அதை ஈடுகட்டச் சனிக்கிழமை புதுப் பணம் இறக்கக் கூடாது. புக்கிக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர் சனிக்கிழமை வருபவர்தான்.

கடைசிக் குழி முடியும்வரை வெற்றியைக் கணக்கில் எழுத வேண்டாம். 1999-இல் கார்னூஸ்டியில் பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்டே மூன்று அடி முன்னிலையோடு பதினெட்டாம் குழிக்கு வந்தார். ஆறு அடித்தாலும் கோப்பை அவருடையது. அவர் அடித்த பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பியது, பிறகு குறுக்கே ஓடும் பாரி பர்ன் ஓடையில் விழுந்தது. காலணியையும் காலுறையையும் கழற்றி, கால்சராயை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி நின்று அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழில் முடித்து, சமநிலையில் நின்றவர்களுக்கு நடக்கும் ப்ளேஆஃபுக்குப் போனார். அதில் வென்றவர், அன்று காலை பத்து அடி பின்தங்கி ஆட்டத்தைத் தொடங்கி, வெகுநேரத்துக்கு முன்பே முடித்துவிட்டிருந்த ஸ்காட்லாந்தின் பால் லாரி.