முக்கிளை நரம்பு வலி: ஊசிவழிச் சிகிச்சைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பல் துலக்கும்போதோ, முகம் கழுவும்போதோ, ஒரு வாய் சோறு மெல்லும்போதோ கன்னத்தில் கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்று வலிக்கும். சில நொடிகள், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். பிறகு சுத்தமாக ஓய்ந்துவிடும். இதுதான் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா; முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பில் வரும் வலி. சொத்தைப் பல் என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர். பல் எக்ஸ்ரேயில் கோளாறு தெரியவில்லையென்றால் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

முதலில் எம்ஆர்ஐ. மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துகிறதா, கட்டியோ, நரம்பின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். அடுத்தது மாத்திரை. கார்பமாஸெபைன் பெரும்பாலும் 100 மி.கி. வீதம் தினம் இரு வேளையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டப்படும். தொடங்கும் முன் எச்எல்ஏ-பி*15:02 மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு இந்த மருந்தால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரக்கூடும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மாத்திரை கேட்கவில்லை, அல்லது தலைசுற்றலும் தூக்கமுமாக அதைத் தாங்க முடியவில்லை என்னும்போதுதான், கன்னத்தில் ஊசி நுழைத்துச் செய்யும் ஊசிவழிச் சிகிச்சைகளுக்கு இடம். ஒன்றை மனதில் வையுங்கள்: இவை எல்லாமே நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தித்தான் வலியை நிறுத்துகின்றன. மரத்துப்போதல் இதற்குக் கொடுக்கும் விலை. உடல்நலம் நன்றாக உள்ளவர், ரத்தக்குழாய் அழுத்துவதும் தெளிவாகத் தெரிகிறது என்றால், காதின் பின்னால் மண்டையோட்டைத் திறந்து குழாயை விலக்கிவைக்கும் அறுவைதான் நீண்ட நாள் பலன் தரும். அதைப் பற்றிப் பேசாமல் நேரே ஊசிக்கு நாள் குறிக்காதீர்கள்.

ரேடியோ அலையால் நரம்பைச் சூடேற்றும் முறையில், வாயோரத்திலிருந்து சுமார் 2.5 முதல் 3 செ.மீ. தள்ளிக் கன்னத்தில் ஊசி நுழைகிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, மண்டையோட்டின் அடியிலுள்ள முட்டைவடிவத் துளை வழியாக நரம்பு முடிச்சுக்குக் கொண்டுபோவார்கள். ஊசி குத்தும்போது மயக்கம் தந்து, பிறகு உங்களை எழுப்புவார்கள். சிறு மின்தூண்டலை விட்டு, "எங்கே குறுகுறுக்கிறது? வழக்கமாக வலிக்கும் இடத்திலா?" என்று கேட்பார்கள். வழக்கமாக வலிக்கும் அதே இடம் என்றால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தப் பதிலை வைத்துத்தான் சூடேற்றும் இடம் முடிவாகிறது. மறுபடி மயக்கம் தந்து, சுமார் 60 முதல் 75 டிகிரி வெப்பத்தில் 60 முதல் 90 நொடி சுடுவார்கள். கீழ்த்தாடைக்கும் மேலுதட்டுக்கும் இது நன்றாகப் பொருந்தும். நெற்றி, கண் பகுதிக்கு யோசிக்க வேண்டும்: கருவிழி மரத்துப்போனால் தூசி விழுந்தாலும் தெரியாது, புண்ணாகிவிடும். இதே முறையில் 42 டிகிரியில் விட்டுவிட்டுத் தரும் 'பல்ஸ்டு' வகையும் உண்டு. மரப்பு குறைவு, பலனும் அந்த அளவுக்கு நிற்பதில்லை.

பலூன் முறைக்கு முழு மயக்கம் வேண்டும். அதே துளை வழியாகச் சிறு பலூனை நுழைத்து, 0.5 முதல் 1 மி.லி. வரை எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தால் ஊதுவார்கள். திரையில் அது பேரிக்காய் வடிவில் வர வேண்டும். வராவிட்டால் பலூன் சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஒரு நிமிடத்தை ஒட்டி அழுத்திவிட்டு எடுத்துவிடுவார்கள். கருவிழி உணர்வு பெரும்பாலும் தப்பிப்பதால் கண் பகுதி வலிக்கு இது ஏற்றது. மெல்லும் தசை சில வாரம், சில மாதம் தளர்ந்திருக்கும். ஊதும் நேரத்தில் இதயத்துடிப்பு சட்டென்று இறங்கலாம் என்பதால் இதயக் கோளாறு இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளிசரால் ஊசியில், உட்கார்ந்த நிலையில் முடிச்சைச் சூழ்ந்த நீர்ப்பைக்குள் 0.2 முதல் 0.4 மி.லி. செலுத்துவார்கள். மருந்து வழிந்துபோகாமலிருக்கத் தலையைக் குனிந்தபடி ஒன்றிரண்டு மணிநேரம் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சைக் குவித்துச் செலுத்தும் காமா நைஃப் முறையில் ஊசியே இல்லை. நரம்பின் வேரில் ஒரே தடவையாகச் சுமார் 70 முதல் 90 கிரே அளவு கதிர்வீச்சு தருவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், மயக்கம் தாங்காத வயதானவர்களுக்கும் உகந்தது. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். வலியால் சாப்பிடவே முடியாமல் மெலிந்துவருபவருக்கு அவ்வளவு காத்திருப்பு சரிவராது.

போகும் முன்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை எதையும் தானாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரும் ஊசி போடுபவரும் பேசி முடிவு செய்யட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லுங்கள். எரிச்சலாக, நாள் முழுக்க ஓயாமல் வலிப்பது வேறு வகை. அதற்கு இந்தச் சிகிச்சைகள் சரியாகக் கேட்பதில்லை, சிலசமயம் கூட்டியும் விடும்.

வீடு வந்தபின்: கார்பமாஸெபைனை ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் கணக்கில் குறையுங்கள். மரத்த பக்கத்தில் சூடான காபி வாயைச் சுட்டாலும் தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. தினமும் கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள். வலியே இல்லாமல் சிவந்திருந்தாலும் கண் மருத்துவரிடம் போங்கள். உதட்டோரம் கொப்புளங்கள் வரலாம். அது ஹெர்பிஸ் என்னும் வைரஸ் தொற்று, மருந்துண்டு. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலி சில ஆண்டுகளில் திரும்பவும் கூடும். ஊசிமுறைகளைத் திரும்பச் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மரப்பு கூடும்.