பத்தாம் வகுப்புக் கணக்கு: மதிப்பெண் ஒழுகும் இடங்களை அடைப்பது எப்படி

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் பெரும்பாலும் தெரிந்த கணக்கின் மூன்றாவது வரியில்தான் போகிறது. வழிமுறை சரியாக இருக்கும். ஒரு கழித்தல் குறி விழுந்திருக்கும், பின்னத்தைக் கூட்டும்போது பகுதி மாறியிருக்கும், சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருக்கும். இந்தக் கைத்தவறுகள் எல்லா இயலுக்கும் பொது. அதனால் ஆறு வாரம் கையில் இருக்கும்போது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்க வேண்டாம்.

முதலில் தாளின் அமைப்பு. தமிழ்நாட்டுத் தாள் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள்; 28ஆம் வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே 14க்கு 10. 42ஆம் வினா கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: வடிவியல் வரைதல், வரைபடம். கட்டாய வினாவில் தேர்ந்தெடுக்க இடமில்லை என்பதால், ஓர் இயலை மொத்தமாகக் கைகழுவுவது சூதாட்டம். தேனி எல்லையில் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் அந்தப் பக்கம், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழியில் கேரள எஸ்.எஸ்.எல்.சி. எழுதுபவர்களுக்குத் தாள் வேறு: எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம், அதற்கு முன் வினாக்களை வாசிக்கப் பதினைந்து நிமிடம். பாடங்களும் வேறு. கீழே சொல்லும் கைப்பழக்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

தொடக்கம் இப்படி இருக்கட்டும். ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதுங்கள். திருத்தும்போது போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: ‘கு’ என்றால் குறி, ‘பி’ பின்னம், ‘அ’ அலகு, ‘சூ’ சூத்திரம் மறந்தது, ‘வா’ வினாவைத் தப்பாக வாசித்தது. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் எந்த எழுத்து அதிகம் என்று தெரிந்துவிடும். ‘சூ’ அதிகமானால் மனப்பாடம் குறைவு; இரண்டு வாரத்தில் சரியாகும். ‘கு’, ‘பி’ அதிகமானால் தினமும் இருபது நிமிடம் வேண்டும், பரீட்சை வரைக்கும்.

குறிப் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்ப்போம். (−2, 3), (4, −5) என்ற புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வைக் கேட்டால், பகுதியில் 4 − (−2) என்று அடைப்புக்குறி போட்டே எழுத வேண்டும். விடை −8/6, அதாவது −4/3. அடைப்பைச் சோம்பலில் விட்டவர் 4 − 2 என்று எழுதி −4 என்று முடிப்பார். எதிர்க்குறி எண்ணை எங்கே பிரதியிட்டாலும் அடைப்புக்குறி கட்டாயம் என்று கைக்கு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இருபடிச் சமன்பாட்டிலும் இதே கதைதான். கெழுக்கள் 2, −5, −3 என்றால் தன்மைக்காட்டி (b² − 4ac) 25 + 24 = 49. −5ஐ வர்க்கமாக்கி −25 என்று எழுதுவது ஒரு பிழை; கடைசி உறுப்பு எதிர்க்குறி என்பதை மறந்து 25 − 24 = 1 என்று எழுதுவது இன்னொன்று. மூலங்கள் 3, −1/2. கண்டதும் அரை நிமிடச் சோதனை: மூலங்களைக் கூட்டினால் 5/2, பெருக்கினால் −3/2 வருகிறதா? வந்தால் அடுத்த வினாவுக்குப் போகலாம்.

வகுத்தல் துணைத் தேற்றத்தில் −17ஐ 5ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு −3, மீதி −2 என்று எழுதுபவர்கள் நிறைய. மீதி எதிர்க்குறியாக இருக்கவே கூடாது. ஈவு −4, மீதி 3; −20 + 3 = −17.

கூட்டுத்தொடர்வரிசையில் பறிபோவது ஒரே ஒரு ‘1’. 200க்கும் 500க்கும் இடையே 9இன் மடங்குகளின் கூடுதல் வேண்டும். முதல் எண் 207, கடைசி 495. (495 − 207)/9 = 32; அதோடு 1 கூட்டி 33 உறுப்புகள். கூடுதல் 33 × 351 = 11,583. ஒன்றைக் கூட்டாதவருக்கு 11,232 வரும். பார்க்க அதுவும் சரி போலவே இருக்கும், அதுதான் வம்பு. நான்கு விரலுக்கு இடைவெளி மூன்று என்று கையை விரித்துப் பார்த்துவிட்டு எழுதலாம்.

அலகுக்கு நம் பக்கத்துச் செய்தியே நல்ல பயிற்சி. முல்லைப் பெரியாறு அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று மழைக்காலத்தில் தினமும் வரும். ஒரு அடி 30.48 செ.மீ. என்றால் ஒரு கனஅடி எத்தனை லிட்டர்? 30.48ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: சுமார் 28,317 கன செ.மீ., அதாவது 28.3 லிட்டர். நீளத்துக்கு ஒரு முறை, பரப்புக்கு இரண்டு முறை, கனஅளவுக்கு மூன்று முறை. அளவியலில் ‘அ’ குறி விழுவதெல்லாம் இந்த இடத்தில்தான். அடுத்த பொறி விட்டமும் ஆரமும். 1.4 மீ விட்டம், 2 மீ உயரம் உள்ள உருளைத் தொட்டியில் 3.08 கன மீட்டர், அதாவது 3,080 லிட்டர் பிடிக்கும். விட்டத்தையே ஆரமாகப் போட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். கூம்பில் சாயுயரத்தையும் உயரத்தையும் மாற்றிப் போடுவார்கள்: ஆரம் 7, உயரம் 24 என்றால் சாயுயரம் 25, வளைபரப்பு 550. 528 வந்திருந்தால் உயரத்தைப் போட்டுவிட்டீர்கள்.

முக்கோணவியலில் படம் தப்பினால் எல்லாம் தப்பு. போடிமெட்டில் நின்று பள்ளத்தாக்கில் போகும் ஜீப்பைப் பார்ப்பதாக வையுங்கள். நிற்கும் இடம் 300 மீ உயரம், இறக்கக்கோணம் 30°. அந்தக் கோணத்தைக் கண்மட்டத்துக் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கிக் குறிக்க வேண்டும்; செங்குத்துக் கோட்டிலிருந்து அல்ல. அடியிலிருந்து ஜீப்பின் தூரம் 300√3, சுமார் 519.6 மீ. தப்பாகக் குறித்தவருக்கு 173.2 வரும். சரிபார்க்க: கோணம் 45° ஆனால் தூரம் 300. கோணம் குறையக் குறையத் தூரம் கூட வேண்டும். ஆக 30°க்கு 300க்கு மேல்தான்.

புள்ளியியலில் சொல்ல அதிகமில்லை. 6, 8, 10, 12, 14 என்ற தரவின் சராசரி 10, விலக்க வர்க்கங்களின் கூடுதல் 40, அதை 5ஆல் வகுத்து 8, அதன் வர்க்கமூலம் 2.83தான் திட்டவிலக்கம். பலர் எட்டிலேயே நின்றுவிடுவார்கள். நிகழ்தகவில் ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’ என்ற சொற்களின் கீழே கோடிடுங்கள், அது போதும்.

எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு நேரம் தாராளமாகச் செலவிடலாம். திருப்புதலில் மிகவும் கூலி தருவது இந்தப் பதினாறு மதிப்பெண்தான். அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60°, குத்துயரம் 4 செ.மீ. கொண்ட முக்கோணம் என்று வைப்போம். உதவிப்படம் முதலில். அடிப்பக்கத்தின் ஒரு முனையில் கீழ்ப்பக்கமாக 60° கோடு, அதே முனையில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்துக் கோடு, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு. கடைசி இரண்டும் வெட்டுமிடம் வட்டமையம். ஆரம் கிட்டத்தட்ட 3.5 செ.மீ. வர வேண்டும், 4 வந்தால் பாகைமானி நகர்ந்திருக்கிறது. மையக்குத்துக்கோட்டில் அடிப்பக்கத்திலிருந்து மேலே 4 செ.மீ. குறித்து இணைகோடு வரைந்தால் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். எதை எடுத்தாலும் சரி. 60° கோட்டை மேலே வரைந்தவருக்கு மையம் கீழே போய்விடும், இணைகோடு வட்டத்தைத் தொடவே தொடாது. மழுங்கிய பென்சில் அரை மில்லிமீட்டர் தின்னும். தொடுகோடு வரைதலில் அது நன்றாகவே தெரியும். அங்கே சரிபார்த்தல் வரியையும் எழுதுங்கள்: ஆரம் 2.5, தூரம் 6.5 என்றால் தொடுகோட்டு நீளம் 6.

வரைபடத்தில் கெழுக்கள் 1, −1, −12 கொண்ட இருபடிக் கோவைக்கு −4 முதல் 5 வரை அட்டவணை போட்டால் 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8 என்று வரும். இரு பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றே. அப்படி வராவிட்டால் புள்ளி வைக்காதீர்கள், அட்டவணையைத் திருத்துங்கள். இரண்டு −12க்கும் நடுவே ஸ்கேல் வைத்து இழுக்கக் கூடாது; பரவளையம் அங்கே −12.25 வரை இறங்கி ஏறும். அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர், தீர்வு மூன்றையும் எழுதாமல் தாளைக் கட்டுபவர்கள் ஏராளம்.

நேரத்துக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்கள் ஏலக்காட்டு ஜீப் பிடிக்க விடியுமுன்னே விளக்குப் போடும் ஊர்கள் இவை. அந்த விளக்கில் ஒரு மணி நேரம் கணக்குக்கு ஒதுக்குங்கள்: இருபது நிமிடம் குறி, பின்னப் பயிற்சி, மீதி நேரம் ஒரு இயலின் ஐந்து மதிப்பெண் கணக்கு மூன்று, விடையைப் பார்க்காமல். பார்த்துப் புரிந்துகொண்டது மறுநாள் கைக்கு வராது. அதே கணக்கை நான்காம் நாள் வெற்றுத்தாளில் மறுபடி போடுங்கள். ஞாயிறு ஒரு முழுத்தாள், மாலையில் ஒரு வரைதல்.

பரீட்சை அறையில் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மிச்சம் வையுங்கள். முதலில் எட்டு மதிப்பெண் விடைகளில் விட்டுப்போன பெயர், அளவுத்திட்டம், அடுத்து வினா எண்கள், 28உம் 42உம் எழுதியாயிற்றா என்று, பிறகு குறிகள். அந்த நேரத்தில் ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு தப்பென்று தெரிந்தால் முழுதும் அடித்துவிடாதீர்கள். பிழை தொடங்கும் வரியிலிருந்து மட்டும் அடித்துத் திருத்துங்கள். மேலே உள்ள படிகளுக்கு மதிப்பெண் உண்டு, அடித்ததற்கு இல்லை.