புதுக் கணப்பில் முதல் தீ

ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீட்டில் குளிர்காய விறகுக் கணப்பு கட்டுபவர்கள் சொதப்புவது பெரும்பாலும் கடைசியில்தான். பூச்சு வெளியே காய்ந்ததும் விறகை அடுக்கிப் பெரிதாக மூட்டிவிடுகிறார்கள். உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி, செங்கல் இணைப்புகளில் மயிரிழை போல விரிசல் விழும். ஒரு மாதம் காயவிடுங்கள். அப்புறம் முதல் நாள் ஒரு கைப்பிடி சுள்ளி, மறுநாள் கொஞ்சம் கூடுதல் என நாலைந்து நாள் சிறு தீ போதும்.

தீ படும் உட்புறத்துக்குச் சாதாரணச் செங்கல், சிமென்ட் கலவை வேண்டாம். ஃபயர் பிரிக் என்கிற தீ தாங்கும் செங்கல்லும், ஃபயர் கிளே என்கிற தீ தாங்கும் களிமண்ணும்தான். இணைப்பு கால் அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் பாருங்கள். கொத்தனார் முணுமுணுப்பார், விடாதீர்கள். புகைபோக்கி கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி நிற்கட்டும். 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். முன்தரையில் 16 அங்குலமாவது கல் பதியுங்கள். மரத்தரை அழகுதான், ஒரு பொறி போதுமே!

விறகுக்கு அங்கே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சுலபமாகக் கிடைக்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ என்றால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் ஈரம், புகைபோக்கிக்குள் பிசுபிசுவென்று கரி படியும். எரியும்போது சன்னலை இரண்டு விரல் திறந்தே வையுங்கள்.