கடற்பாசிச் சாறு பிரிக்கும் மெம்பிரேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியில் இருக்கும் ஃபூகோசாந்தின் நிறமி சூடு தாங்காது. அதனால் எத்தனாலில் இறக்கிய சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைப்பதைவிட, மெம்பிரேன் (மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டிப் படலம்) வழியாக அழுத்தி எத்தனாலை மட்டும் பிரிப்பது நல்லது. மண்டபம், பாம்பன் பக்கம் இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் கீழே உள்ள இடங்களில்தான்.

தண்ணீருக்கான ஆர்.ஓ. மெம்பிரேனை மாட்டாதீர்கள். அதன் அடித்தளம் பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக். அசிட்டோன் போன்ற கரைப்பானில் சிதையும், டி.எம்.எஃப். என்ற கரைப்பானில் கரைந்தே போகும். குறுக்குப் பிணைப்பு கொடுத்த (இழைகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் இணைத்த) பாலிஇமைடு என்று கேட்டு வாங்குங்கள். அதையும் கடுங்காரம் போட்டுக் கழுவக்கூடாது.

மெம்பிரேன் தாங்கினாலும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தாங்காமல் போகலாம். விட்டான் ரப்பர் அசிட்டோன், எத்தில் அசிடேட்டில் ஊதும், ஈ.பி.டி.எம். ரப்பர் ஹெக்ஸேனில் ஊதும். ஒரு துண்டை எடைபோட்டு, மூடிய பாட்டிலில் அதே கரைப்பானில் ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். மெம்பிரேன் சுருளை ஒட்டிய பசை உங்கள் கரைப்பானைத் தாங்குமா என்றும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. ஃபூகோசாந்தினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 659 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). '600 டால்டன்' மெம்பிரேன் போதும் என்று தோன்றும். அந்த எண்ணுக்குப் பொருள், அந்த எடையுள்ள மூலக்கூறில் 90 சதவீதம் தடுக்கப்படும் என்பதுதான்; அதுவும் அவர்கள் சோதித்த கரைப்பானில். 90 சதவீதத் தடுப்போடு சாற்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் நிறமியில் 20 சதவீதம் எத்தனாலோடு போய்விடும். 99 சதவீதம் என்றால் இழப்பு 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 300 டால்டன் பக்கம் போங்கள், உங்கள் சாற்றிலேயே சோதித்து வாங்குங்கள்.

நம் கரையில் அதிகம் கெடுப்பது உப்பு. கடல்நீரிலேயே அலசிக் காயவைத்த பாசியில் உப்பு படிந்திருக்கும். எத்தனாலில் அது கரைவது 100 மில்லிக்கு 0.1 கிராமுக்கும் குறைவு. சாறு சுருங்கச் சுருங்க, தேங்கிய உப்பு மெம்பிரேன் மேல் படிகமாகிறது. ஓட்டம் குறைந்ததும் சுத்த எத்தனால் விட்டுப் பாருங்கள். ஓட்டம் திரும்பினால் அடைத்தது நிறமியும் கொழுப்பும். திரும்பாவிட்டால் உப்பைச் சந்தேகியுங்கள். எத்தனாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து கழுவினால் கரையும். பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவதும், சாற்றைக் குளிரில் ஒரு இரவு தெளியவைத்து 1 மைக்ரான் வடிகட்டியில் விடுவதும் இதைவிட மலிவு. குழாய்கள் 316 எல் வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 வகையில் உப்பிலுள்ள குளோரைடு குழி பறிக்கும்.

புது மெம்பிரேனின் துளைகளில் காயாமலிருக்க எண்ணெய் போன்ற பொருள் ஏற்றியிருப்பார்கள். சுத்தக் கரைப்பான் விட்டு அதை வெளியேற்றிவிட்டு, அழுத்தத்தை மெல்ல 20–30 பாருக்கு ஏற்றுங்கள். முதல் சில மணி நேரம் மெம்பிரேன் இறுகுவதால் ஓட்டம் குறையும், பதற வேண்டாம். நிலைத்த பிறகு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அடைப்பைக் கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். வேலை முடிந்ததும் உலர விடாதீர்கள்; துளைகள் சுருங்கிவிடும்.

எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் சூடு) சுமார் 13 டிகிரி. ராமநாதபுரத்தில் எந்த மாதமும் அறை அதைவிடச் சூடுதான். காற்றுக் கம்பிரசரால் அழுத்தம் கொடுக்காதீர்கள். நைட்ரஜன் சிலிண்டர் வையுங்கள். மோட்டார் தீப்பொறி வெளிவராத வகையாகவும், தொட்டி, குழாய் எல்லாம் எர்த் செய்தும் இருக்க வேண்டும்.