சார்ல்ஸ்டன் ஈஸ்ட்சைடில் குடிவருபவர்களுக்கு

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலை கிடைத்து வரும் தமிழர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேரும்: "ஈஸ்ட்சைடு பக்கம் மட்டும் வீடு பார்க்காதீர்கள்." சொல்பவர் அந்தத் தெருக்களில் ஒரு நாளும் நடந்திருக்க மாட்டார், அவருக்கும் யாரோ சொன்னதுதான். போயிங் ஆலைக்கு வருபவர்களும் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களும் மவுன்ட் பிளசன்ட், சம்மர்வில் என்று வெளியே போவதற்குப் பள்ளிக்கூடம், இடவசதி போன்ற நியாயமான காரணங்கள் உண்டு. அக்கம்பக்கத்தார் கறுப்பினத்தவர் என்பதே காரணம் என்றால், அதற்கு அறிவுரை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஈஸ்ட்சைடுக்கு வர முடிவு செய்தவர்களுக்கும், இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஈஸ்ட்சைடு, நகரத் தீபகற்பத்தில் மீட்டிங் தெருவுக்கும் ஈஸ்ட் பே தெருவுக்கும் இடைப்பட்ட பகுதி. 1769இல் ஹென்றி லாரன்ஸ் என்ற பெரும் அடிமை வணிகர் மனை பிரித்த ஹாம்ப்ஸ்டெட் என்ற சிற்றூரிலிருந்து வளர்ந்தது. துறைமுகத் தொழிலாளிகள், கொல்லர்கள், தச்சர்கள், சமையல்காரர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின உழைப்பாளிகள் வாழ்ந்த இடம். பிளேக் தெருவில் பிலிப் சிம்மன்ஸ் (1912–2009) என்ற கொல்லரின் வீடு இருக்கிறது. தெற்கே பணக்காரத் தெருக்களில் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் இரும்புக் கதவுகளில் பல அவர் கையால் அடித்தவை. ஈஸ்ட் பே தெருவில் பழைய சுருட்டாலை. 1945 அக்டோபரில் கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் வாசலில் நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். இன்று அந்தக் கட்டடத்தில் அலுவலகங்களும் கடைகளும் இயங்குகின்றன. பக்கத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிக்காக பி.எம்.டபிள்யூ கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

1960களில் கறுப்பினக் குடியிருப்புகளை ஊடறுத்து ஒரு விரைவுச்சாலை போட்டார்கள். வீடுகள் போயின. பிற்காலத்தில் அந்தச் சாலைக்கு செப்டிமா கிளார்க்கின் பெயரை வைத்தது எந்த அதிகாரியின் யோசனையோ! கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டும் என்றிருந்த காலத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர 1957இல் நகரத்துக்கு அருகிலுள்ள ஜான்ஸ் தீவில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகளுக்கு முதுகெலும்பாக இருந்தவர் இந்த ஆசிரியை. அந்தப் போராட்டத்தின் பலனாக 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அதே அலையில்தான் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டமும் வந்தது. நம்மைப் போன்றவர்கள் இங்கே வந்து இறங்கியதற்கு அதுவே வழிவிட்டது.

இனி, வாடகை வீடு. இங்கே வீடுகள் தெருவுக்கு விலாவைக் காட்டி நிற்கும். தெருப் பக்கம் ஓர் அறை அகலம்தான். பக்கவாட்டில் வீட்டின் நீளத்துக்கும் காற்று வாங்கும் தாழ்வாரம். தெருவிலுள்ள கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், தாழ்வாரத்தில்தான் நிற்பீர்கள். மாலையில் பெரியவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். கடந்து போகிறவர் வணக்கம் சொல்ல வேண்டும். அதுதான் இங்குள்ள வழக்கம். காதில் கருவியைச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி போகும் புதியவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைப்பார்கள். மூத்த பெண்களை வெறும் பெயரால் அழைக்காதீர்கள். பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்க்க வேண்டும். நமக்கு இது புதிதல்ல.

பக்கத்து வீட்டில் பாட்டு சத்தம் அதிகமா? நேரில் போய்ச் சொல்லுங்கள். போலீசைக் கூப்பிடுவது இங்கே சாதாரணக் காரியம் அல்ல. 2015 ஏப்ரலில் வடக்கு சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்ற நிராயுதபாணியை ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு ஜூன் 17 அன்று கால்ஹூன் தெருவிலுள்ள இமானுவேல் தேவாலயத்தில், வேத பாட வகுப்புக்கு வந்து உட்கார்ந்த ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இந்தத் தெருக்களில் அவை பழைய செய்திகள் அல்ல. ஞாயிறு காலையில் தேவாலயங்களைச் சுற்றிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம்.

காட்ஸ்டன் துறையில் 2023 ஜூனில் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு முதல் மாதத்திலேயே போய்விடுங்கள். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அதே கரையில் கட்டியது. கடற்கரையோரக் கறுப்பின மக்களான கல்லா-கீச்சி மக்களின் மொழி, வழிபாடு, சாப்பாடு எல்லாம் அங்கே விளங்கும்.

சாப்பாடு என்றவுடன் நாம் நிமிர்ந்து உட்கார்வோம். இவர்கள் சோற்று மக்கள். சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கி, மரமதகு வைத்து, கடல் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே நீர் பாய்ச்சியது மேற்கு ஆப்பிரிக்க நெற்பகுதிகளிலிருந்து கடத்திவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும். தோட்ட முதலாளிகள் அதில் கொழுத்தார்கள். பிளேக் தெருவிலுள்ள ஹானிபல்ஸ் கிச்சனில் நண்டுச் சோறு கேளுங்கள்: உதிர்த்த நண்டுச் சதையும் இறாலும் போட்டுப் புரட்டிய சோறு, தட்டில் ஆவி பறக்க வரும். வடக்கு சார்ல்ஸ்டனில் பெர்த்தாஸ் கிச்சனில் வெண்டைக்காய் சூப்பைச் சோற்றோடு சாப்பிடலாம். வழவழப்பைப் போக்க யாரும் மெனக்கெடுவதில்லை, அதுதான் ருசியே. தக்காளியில் வெந்த சிவப்புச் சோற்றைப் பார்த்து நம் தக்காளிச் சாதம் என்று ஏமாற வேண்டாம். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். கீரையிலும் பயறிலும்கூட புகையிட்ட இறைச்சி கிடக்கும். சைவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

மவுன்ட் பிளசன்ட் வழியாகப் போகும் 17ஆம் எண் நெடுஞ்சாலையோரம் புல்கூடை விற்கும் கடைகள் தெரியும். இனிப்புப் புல்லையும் பைன் ஊசி இலையையும் சுருட்டி, பனையோலை நாரால் வரிந்து பின்னுவார்கள். ஆதியில் நெல் புடைக்கும் சுளகாகப் பிறந்த கைவினை இது. சிறிய கூடைக்கே விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஒன்றை முடிக்க நாட்கள், பெரிதானால் மாதங்கள் ஆகும். பேரம் பேசி நம் மானத்தை வாங்காதீர்கள்.

அடுத்தது, சொந்த வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. விடுதலைக்குப் பின் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கிய நிலங்கள், முக்கியமாக ஜான்ஸ் தீவிலும் மவுன்ட் பிளசன்டின் பழைய குடியிருப்புகளிலும், உயில் இல்லாமலே பேரன் பேத்திகளுக்கு இறங்கியவை. நிலம் முழுவதும் எல்லா வாரிசுகளுக்கும் பொது. யாருக்கும் தனிப் பாகம் பிரித்திருக்காது. கூட்டுப் பட்டாவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். எங்கோ நியூயார்க்கில் இருக்கும் ஒரு வாரிசின் பங்கை மனை வியாபாரி சல்லிசாக வாங்குவார். பிறகு பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, நிலம் முழுவதையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார். அங்கேயே பிறந்து வளர்ந்த கிழவி தெருவுக்கு வருவார். இப்படியே ஏராளமான நிலம் கைமாறிவிட்டது. பிறகு, நிலம் ஏலத்துக்குப் போகும் முன், விற்கக் கோரி வழக்குப் போட்டவரின் பங்கை மற்ற வாரிசுகள் மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தரும் சட்டம் வந்தது. இமானுவேல் தேவாலயத்தில் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. ஆகவே சந்தை விலைக்குப் பாதியில் ஒரு மனை வந்தால் மகிழ்வதற்கு முன், வில்லங்கம் பார்க்க ஒரு வழக்கறிஞரை வையுங்கள். விற்பவர் முழு உரிமையாளரா, பங்காளிகளில் ஒருவரா? இரண்டாவது என்றால் விலகிவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, யாருடைய அடுப்பை அணைத்து வீடு கட்டுகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது.

வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980இல் நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர். இன்று நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 2005இல் தீபகற்பத்தை மவுன்ட் பிளசன்டோடு இணைக்கும் ரேவனல் பாலம் திறந்த பிறகு இந்தப் பக்கம் வீடு தேடி வருவோர் பெருகிவிட்டார்கள். நாமும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. அக்கம்பக்கக் கூட்டங்களுக்குப் போங்கள். முதல் ஆண்டு வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

கடைசியாக, தண்ணீர். மழையே இல்லாத வெயில் நாளிலும் கடல் ஏறித் தெருவில் நிற்கும் ஊர் இது. துறைமுக அளவியில் ஏற்றம் 7 அடியைத் தொடும் நாளில் தாழ்ந்த தெருக்கள் நனையத் தொடங்கும். அதோடு மழையும் சேர்ந்தால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். அது உப்புநீர், அடிப்பாகத்தை அரித்துவிடும். வீடு பார்க்கும்போது தரகரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுத் தாழ்வாரத்துப் பெரியவரிடம் கேளுங்கள்: எந்த முனை முதலில் நிறையும், 1989இல் ஹியூகோ புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது, வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று அவர் சொல்வார். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வெளியேறச் சொன்னால் 26ஆம் எண் நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும் மாநிலத் தலைநகர் கொலம்பியா நோக்கித் திருப்பிவிடக்கூடும். கடைசி நேரம் வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்கலாம். அரசுத் திட்டத்தில் பணம் கட்டி வழக்கமாக 30 நாள் கழிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். ஆகவே ஏப்ரல் மாதத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.